சீமைப் பூந்திக்கொட்டை பூக்கும் வரை

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதை உன் ஸ்டேட்டஸில் பார்த்துவிட்டேன். பெரிய மரம், மரம் முழுக்கக் கூம்பு கூம்பாய் வெள்ளைப் பூ, அடியில் ஒரு பெஞ்சு, பெஞ்சில் நீ, உன் கையில் பீர். கீழே எழுதியிருந்தாய்: 'முதல் பூ பூக்கவே இருபது வருஷம் எடுத்துக்கொள்ளும் மரம். பொறுமையை இதனிடம் கற்கலாம்.' உன் சித்தி முதற்கொண்டு எல்லாரும் அதற்கு ஹார்ட் போட்டிருந்தார்கள். எனக்கு வந்த எரிச்சலில், பாலிஷ் போட்டு மடித்து வைத்திருந்த யாருடைய புடவையையோ உதறி மறுபடியும் மடித்தேன். பீர் குடிக்க நிழல் கொடுக்கிற மரத்திடம் போய்ப் பொறுமை கற்கிறானாம் என் பிள்ளை.

அதற்கு மறுநாள் நீ போன் செய்தாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிருபாவுக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வேறு ஆள் என்பது யார் மூலமாகவோ உன் காதுக்கு வந்துவிட்டது. "அம்மா, நீ அவங்க வீட்டுக்குப் போம்மா. நீ சொன்னா கேப்பாங்க. ஒரு ரெண்டு மாசம் தள்ளி வெக்கச் சொல்லு. நான் லீவு போட்டுக்கினு வந்து பேசறேன்" என்றாய். அப்புறம் "லைன்ல இருக்கியாம்மா?" என்று கேட்டாய். இருந்தேன். வாயைத் திறந்தால் என்ன வந்து விழுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்தப் போனுக்கான பதில்தான் இது.

இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை, நம் தெரு குரூப்பில் போடுகிறேன். தனியாக அனுப்பினால் இரண்டு நீல டிக் விழும், அப்புறம் 'பார்த்தேன்மா, டைம் கிடைக்கும்போது பேசறேன்' என்று வரும். உனக்கு டைம் கிடைக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். நம் பிள்ளையார்பாளையத்தில் உன்னைப் போல இன்னும் நாலைந்து பேராவது இருப்பார்கள், அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும். கிருபாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க, ஆனா என்னப் பாவம்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றாள். சரி என்றேன். பாவம் அவள் இல்லை, நீதான்.

படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிருபா இரண்டு தெரு தள்ளி இருக்கிற பெண். அவள் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவள் ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர். இவன் ஸ்ரீபெரும்புதூரில் கார் பார்ட்ஸ் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் காலை பஸ்ஸில் பழக்கம். 'உன்னைத்தான் கட்டிக்கொள்வேன்' என்று இவன் அவளிடம் சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது. சொன்னதை மனசாரத்தான் சொன்னான். எனக்கு வயிற்றெரிச்சலே அதில்தான். நீ அவளை ஏமாற்றவில்லையடா. ஏமாற்றுகிறவன் ஒரு நாள் போனை எடுக்காமல் விட்டுவிடுவான், பெண்ணும் நாலு நாள் அழுதுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். நீ வாரா வாரம் தவறாமல் போன் பண்ணி, சாப்பிட்டியா என்று கேட்டு, அன்பாகப் பேசிப் பேசியே அவளை உட்கார வைத்தாய். ஜெர்மனிக்குப் போனதும் அது இன்னும் சுலபமாகிவிட்டது.

நீ சின்ன வயதிலேயே இப்படித்தான். திருமுக்கூடலில் ஒரு முறை ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடியது, நினைவிருக்கிறதா? குடும்பத்தோடு போயிருந்தோம். உன் வயசுப் பிள்ளைகள் எல்லாம் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு முழங்கால் தண்ணீரில் உருண்டு கொண்டிருந்தார்கள். நீ கரையில் நின்று கட்டை விரலை விட்டுப் பார்த்தாய், எடுத்தாய், மறுபடியும் விட்டாய். "வாடா, ஆழமே இல்ல" என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். "இருங்க, பாத்துக்கினு வரேன்" என்றாய். எல்லாரும் குளித்து, துவட்டி, புளிசாதம் சாப்பிட்டு, வேனில் ஏறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாய். வேன் கிளம்பினதும் 'நான் குளிக்கவே இல்லை' என்று வீடு வரைக்கும் அழுதாய். உன் நைனா உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "நிதானமான புள்ளமா இவன், விடு" என்றார். அன்றைக்கு அவர் அதற்கு வைத்த பெயர் நிதானம். அந்தப் பெயரை நீ இன்னும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறாய்.

இப்போது உன் ஸ்டேட்டஸில் இருந்த அந்த மரத்துக்கு வருகிறேன். நீ ஜெர்மனிக்குப் போய் முதல் தடவை லீவில் வந்தபோது, என் பாலிஷ் அறை அலமாரியில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே பளபளவென்று காபிக்கொட்டை நிறத்தில், எலுமிச்சம்பழத்தில் பாதி அளவுக்கு ஏதோ காய்கள். நான் பட்டுப்புடவை துவைத்துப் பாலிஷ் போட்டுப் பிழைக்கிறவள். என் கண்ணுக்கு எல்லாக் காயும் முதலில் பூந்திக்கொட்டையாகத்தான் தெரியும். ஒன்றை உடைத்து நாக்கு நுனியில் வைத்தேன். அப்பா, என்ன கசப்பு! துப்பிவிட்டு, தூளாக்கித் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். பூந்திக்கொட்டையில் தோல்தான் நுரைக்கும். இதில் உள்ளே இருந்த வெள்ளைப் பருப்பே நுரைத்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் பிள்ளை என் தொழிலை நினைத்துக்கொண்டு கடல் கடந்து சீமைப் பூந்திக்கொட்டை கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அதை மற்றவர்கள் புடவைக்குச் செலவழிக்க மனசு வரவில்லை. என் முகூர்த்தப் புடவை இருக்கிறதே, அரக்கு நிறம், வருகிற மருமகளுக்கென்று பீரோவில் வைத்திருந்தது, அதை எடுத்து, எல்லாக் காயையும் உடைத்து ஊறவைத்து அலசினேன்.

நீயும் கிருபாவும் உள்ளே வந்தபோது நான் அதை நிழலில் உலர்த்திக்கொண்டிருந்தேன். நீ காலிப் பையைப் பார்த்துப் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுத் தறிச் சத்தம் நின்றுவிட்டது.

"அய்யோ அம்மா! அது வெதமா! செடி வெக்கறதுக்கு எடுத்தாந்தேன்!"

"வெதைன்னா வெதைன்னு சொல்லி வெக்கணும். நுரைச்சுது, தொவைச்சேன்."

"ஹார்ஸ் செஸ்ட்நட்மா அது!"

"இருக்கட்டும். புடவ எப்படி வந்திருக்குது பாரு."

கிருபா சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. புடவையைத் தொட்டுப் பார்த்து, "நெஜமாவே நல்லாத்தான் வந்திருக்குது அத்தை" என்றாள். அப்போதே அவள் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். தையல் மிஷினுக்கு அடியில் உருண்டு போயிருந்த ஒரே ஒரு விதையை அவள்தான் குனிந்து எடுத்தாள். நீ அதை அவள் கையிலேயே வைத்து மூடி, நான் ஒருத்தி நிற்கிறேன் என்கிற கூச்சம்கூட இல்லாமல், "இது பூக்கறப்போ நம்ம கல்யாணம்" என்றாய். அவள், "எத்தினி நாள் ஆவும்?" என்று கேட்டாள். "ரெண்டு மூணு வருஷம் ஆவும்னு நெனைக்கிறேன்" என்றாய். ரோட்டில் கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்தவனுக்கு அது எப்போது பூக்கும் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

கிருபா தெரிந்துகொண்டாள். அடுத்த வாரம் வந்து என்னிடம் சொன்னாள். விதை போட்டு வந்த மரம் அங்கேயே பூப்பதற்குப் பதினைந்து, இருபது வருஷம் ஆகுமாம். முழு ஆளாக நிமிர்ந்து நிற்க அதற்கு மேலும் பல வருஷம் ஆகுமாம். அப்புறம் அது இருநூறு வருஷம்கூட நிற்குமாம். குளிர்காலம் ஒன்றைப் பார்க்காமல் விதை முளைக்கவே முளைக்காதாம். நம் ஊரில் குளிர்காலத்துக்கு எங்கே போவது? "அவரு தெரியாம சொல்லியிருப்பாரு அத்தை, விடுங்க" என்றாள். அவளே ஈர மணலில் அந்த விதையைப் புதைத்து, டப்பாவில் போட்டு, என் ஃபிரிட்ஜில் காய்கறி தட்டில் வைத்தாள். மூன்று மாசத்துக்கு மேல் கத்தரிக்காயோடு கிடந்தது. அப்புறம் எடுத்துத் தொட்டியில் வைத்தால், முளைத்துவிட்டது! ஒரு காம்பில் ஏழு இலை, கையை விரித்த மாதிரி. தெருவே வந்து பார்த்தது. நீ அந்தப் படத்தை டிபியாக வைத்துக்கொண்டாய். நீ செய்தது அவ்வளவுதான்.

கத்திரி வெயில் வந்தது, ஒரே வாரத்தில் கருகிவிட்டது. நிழலில் வைத்தோம், ஈரச் சாக்கு சுற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. உன்னிடம் சொன்னதற்கு, "வேர்ல உயிர் இருக்கும்மா, தொட்டியத் தூக்கிப் போட்டுடாத, டைம் குடு" என்றாய். எட்டாயிரம் கிலோமீட்டரோ என்னவோ, அங்கிருந்து உனக்கு வேர் தெரிந்தது. அந்த வார்த்தையை நம்பி ஒரு கணக்கு டீச்சர் ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து வந்து ஒரு செத்த குச்சிக்குத் தண்ணீர் ஊற்றினாள். மழைக்காலம் வந்ததும் ஊற்றுவதை நிறுத்தினாள். ஆனால் தொட்டியை மட்டும் என்னை எடுக்க விடவில்லை.

உன்னுடைய காரணங்களை நான் மறக்கவில்லை. முதலில் ப்ராஜெக்ட் முடியட்டும் என்றாய். ப்ராஜெக்ட் முடிந்தது, ஜெர்மன் பரீட்சை என்றாய். அதில் ஒரு தடவை ஃபெயில் ஆனாய், அது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும், இப்போது தெருவுக்கும் தெரியட்டும். அப்புறம் கொரோனா வந்தது, அதைச் சொல்லமாட்டேன், உலகத்துக்கே வந்தது. அதற்கப்புறம் பி.ஆர்., அங்கேயே நிரந்தரமாகத் தங்குகிற அனுமதி, வந்ததும் என்றாய். பி.ஆர். வந்ததும், கொஞ்சம் பெரிய ஃபிளாட் பார்க்கிறேன் என்றாய். நம் பக்கத்தில் உனக்கு ஒரு தடையும் இல்லை. உன் பெரியப்பா வந்து உட்கார்ந்துகொண்டு, "கிறிஸ்டியன் பொண்ணு, நம்ம ஜனமும் இல்ல, இன்னாமா நீ?" என்று ஆரம்பித்தபோது, "கட்டிக்கப்போறது அவன், மாமா. நீங்க இல்ல. காபி ஆறுது, குடிங்க" என்றேன். அதோடு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கிருபா வீட்டிலும் பாஸ்டரிடம் பேசி முடித்துவிட்டார்கள். சாதி, மதம், சொந்தம் எல்லாவற்றையும் இரண்டு வீட்டுக் கிழங்களும் சேர்ந்து ஓரம் தள்ளி வழியைத் துப்புரவாக வைத்திருந்தோம். நடந்து வருவதற்கு உனக்குக் கால் எழவில்லை.

அவள் அப்பா ஒரு நாள் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "எனக்குக் கோவம் இல்லக்கா. தேதிகூட வாணாம். மாசம் சொல்லுங்க, இல்ல, வருஷமாவது சொல்லுங்க. எதனா ஒண்ணு சொல்லுங்க" என்றார். அங்கேயே உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "கண்டிப்பா அங்கிள். இப்போ கரெக்டா சொல்ல முடியாது, பாத்துட்டு சொல்றேன் அங்கிள்" என்றாய். குரலில் எவ்வளவு மரியாதை! காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவர் அவர், எந்த ஸ்டாப் என்று சொல்லத் தெரியாதவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பார். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "வரேன்க்கா" என்று எழுந்து போனார். உன் நைனா அன்றைக்கு உன்னை நிதானமானவன் என்று சொல்லவில்லை. டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், என்ன ஓடுகிறது என்றுகூட அவர் பார்க்கவில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிறு கிருபா வந்தாள். செருப்பைக் கழற்றினாள், நேராகப் பின்பக்கம் போனாள், தொட்டியில் இருந்த குச்சியைப் பிடித்து இழுத்தாள். பல்குச்சி மாதிரி கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் என்று ஒரு நூல்கூட இல்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஒண்ணுமே இல்ல அத்தை. அப்பவே இல்ல" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. தொட்டி மண்ணைப் பின்பக்கக் குழியில் கொட்டி, எதிர்வீட்டில் வெட்டிப் போட்டிருந்த முருங்கைக் கிளை ஒன்றை எடுத்து வந்து நட்டாள். கிளை காயாமல் இருக்க அதன் தலையில் சாணியை உருட்டி வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "அவரு எப்போ வர்றாருன்னு இனிமே அவர்கிட்ட கேக்காதீங்க அத்தை" என்றாள். கேட்கவில்லை. நான் கேட்பதை நிறுத்தியதை நீ கவனித்திருப்பாய் என்று நினைத்தேன். நீ நிம்மதியாக இருந்தாய்.

போன மாசம் அந்த முருங்கையில் முதல் காய். வந்து அவளே பறித்தாள். பாதியை என் முறத்தில் வைத்துவிட்டு, நின்றுகொண்டே சொன்னாள்: "அப்பா அரக்கோணத்துல ஒருத்தரப் பாத்திருக்காரு. மெடிக்கல் ஷாப் வெச்சிருக்காரு. நான் சரின்னு சொல்லிட்டேன் ஆன்ட்டி."

ஆன்ட்டி. இத்தனை வருஷம் அத்தையாக இருந்த என்னை ஒரு வார்த்தையில் பக்கத்து வீட்டுக்காரி ஆக்கினாள். அவளும் வேண்டுமென்று சொல்லவில்லை, சொன்ன பிறகு அவள் முகமே மாறிவிட்டது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன். உன்னைப் பெற்றதற்காக வெட்கப்பட்டு அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, பையன் எப்படி என்று கேட்டேன். வயசு நாற்பது, தலையில் முடி கம்மி என்றாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "உங்களுக்கு ஸ்கூல் லீவு எப்போ? ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள நிச்சயம், காலாண்டு லீவுல கல்யாணம்னு வெச்சுக்கலாமா?" அவ்வளவுதான். அவனுக்கு மரம் மட்டை ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. அந்த வழுக்கைத் தலைக்கு என் ஆசீர்வாதம்.

இந்த மாதிரிக் கடிதத்தில் தாய் தன் பங்குத் தப்பையும் சொல்லி, கண்ணீர் விட்டு, பிள்ளையை அணைத்துக்கொள்வாள் என்று நீ எதிர்பார்க்கலாம். எனக்கு நேரம் இல்லை, கல்யாண சீசன், புடவைகள் குவிந்து கிடக்கின்றன. ஒரே ஒரு புத்தி மட்டும் சொல்கிறேன். இனி எவளிடமும், எவரிடமும் 'பாக்கலாம்' என்று சொல்லாதே. முடியும் என்றால் தேதி சொல். முடியாது என்றால் அதைச் சொல். மரத்துக்கு இருபது வருஷம் கொடுக்கலாம், இருநூறு வருஷம் நிற்கப்போகிற மரம் அது. கிருபாவுக்கு நீ கேட்டு வாங்கிய வருஷங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மரம் அந்த இருபது வருஷத்தில் தினமும் வளர்கிறது. நீ உட்கார்ந்திருந்தாய். உன்னையும் அதையும் ஒரே படத்தில் போட்டுக்கொள்ள உனக்கு எப்படி மனசு வந்தது?

நீ கேட்டபடி ஞாயிற்றுக்கிழமை நான் கிருபா வீட்டுக்குப் போகிறேன். உன் நைனாவும் வருகிறார், காலையிலேயே சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார். தட்டில் வாழைப்பழம், பூ, அதன் மேல் அந்த அரக்குப் புடவை. மருமகளுக்கென்று வைத்திருந்ததை அவளுக்கேதான் கொடுக்கிறேன், யார் வீட்டு மருமகளாகப் போனால் என்ன? நிச்சயத்துக்கு அதைத்தான் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டாள். நீ சொல்லச் சொன்ன இரண்டு மாசத்தை நான் சொல்லமாட்டேன். பந்தியில் உட்கார்ந்து இரண்டு கை சாப்பிட்டுவிட்டு வருவேன்.

கல்யாணம் செப்டம்பர் கடைசியில். உன் மரத்தடியில் விதை உதிர்கிற காலமும் அதுதான் என்று கிருபா முன்பு சொல்லியிருக்கிறாள். நீ வந்தாலும் வராவிட்டாலும் தாலி ஏறிவிடும், அதனால் அவசரமே இல்லை, உனக்குப் பிடித்த மாதிரி நிதானமாக யோசி. வருவதாக இருந்தால் ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வா. முகூர்த்தம் முடிந்ததும் எனக்குத் துவைக்க நிறையப் புடவை வரும். இந்தத் தடவை மிஷினுக்கு அடியில் எதுவும் உருண்டு போகாமல், ஒன்று விடாமல் எண்ணி உடைப்பேன்.